கடைவாய் வேரில் ஒரு சந்தேகம்

1.

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. சாரம் பகுதியில் பல் டாக்டர் அன்புசெல்வியின் கிளினிக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

2.

முதல் வரி: ‘ஹேமலதாவின் தலையில் இடி விழு...’ [வேண்டாம். இடியெல்லாம் சீரியல்காரர்களுக்கு.]

உள்ளபடி சொல்கிறேன். மூலக்குளத்து ஹேமலதாவின் கணவர் சந்திரமோகனுக்குக் கடைவாய்ப் பல்லில் இரண்டு தடவை வேர் சிகிச்சை செய்தும் சீழ் நிற்கவில்லை.

“பாக்டீரியாதாம்மா முக்கியக் காரணம்,” என்றார் டாக்டர். “ஆனா வேர் நுனிப் புண்ணுல ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸும் இருக்குன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. அந்த எடத்துல எதிர்ப்பு சக்திய அமுக்கிடுமாம். இன்னும் நிரூபணம் ஆவல.”

“எப்படித் தொத்தும்?”

“எச்சில்லதான்.”

இவ்வளவு விஞ்ஞானத்தில் ஹேமலதா எடுத்துக்கொண்டவை இரண்டே சொற்கள்: ஹெர்பிஸ், எச்சில்.

3.

உடனே அவள் மனதில் வந்து நின்றவள் க்ளெமான்ஸ். கணவரின் அலுவலகத் தோழி, பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். யாரைப் பார்த்தாலும் ‘போன்ழூர்’ என்று வணக்கம் சொல்லி இரண்டு கன்னத்திலும் முத்தம் வைப்பவள்.

“கன்னத்துல குடுத்தது பல்லு வரைக்கும் போயிடுச்சா?”

“அவங்க எல்லாருக்கும்தாண்டி குடுப்பாங்க!” என்று வீங்கிய வாயோடு அலறினார் சந்திரமோகன். இப்படியொரு தற்காப்பை எழுத என் கற்பனைக்கு வக்கில்லை.

* க்ளெமான்ஸைக் கதையிலிருந்து தூக்கிவிடலாமா என்று யோசித்தேன். பாவம், அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

4.

பல்லை யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமே ஆட்டம் கண்டிருந்தது.

“அம்மா, இது முக்காவாசிப் பேருக்குச் சின்ன வயசுலயே வந்துடும். உங்களுக்கும் இருக்கும்,” என்றார் டாக்டர்.

சந்திரமோகனுக்கு உயிர் வந்தது. “அப்ப இவளுக்கும் டெஸ்ட் எடுங்க! யாருகிட்டேந்து வந்துச்சுன்னு பாத்துடலாம்.”

“அத எந்த டெஸ்டும் சொல்லாதுங்க.”

பிறகு ஹேமலதா மெல்லக் கேட்டாள்:

“எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருந்தா... அதுவும் தெரியாதுல்ல?”

“தெரியாதும்மா.”

“சரி. பல்லப் புடுங்கிடுங்க.”

5.

முடிவு அ: சந்திரமோகனுக்குப் புரிந்துவிட்டது. அன்றிரவு அவர் [அவருக்கா? புரிந்திருக்காது.]

முடிவு ஆ: பல் போன நிம்மதியில் ஐஸ்கிரீம் கேட்டார். அவளும் வாங்கித் தந்

ஹேமலதாவை நினைத்தால் எனக்குப் பாவமாக இருந்தது, அதனால் நிறுத்திவிட்டேன். துணிச்சல் இருந்தால் நீங்கள் முடியுங்கள். உங்கள் வாயிலும் அந்த வைரஸ் அநேகமாக இருக்கிறது. யாரிடமிருந்து வந்திருக்கும் என்பதை, வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ பக்கத்தில் இருக்கும்போது, முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அவளுக்கு ஒரு முடிவு எழுதலாம்.