எந்தப் பொக்ஸை விற்பது

அடுத்த சனிக்கிழமை மேசை வருகிறது என்று விஜயலெட்சுமி சொல்லிவிட்டாள். மகள் தனுஜாவுக்கு இந்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை. கட்டிலில் குப்புறப் படுத்து எழுதி எழுதிப் பிள்ளையின் எழுத்தே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவர்கள் வீட்டின் முன்காம்பராவில், அந்தச் சின்ன முன்னறையில், மேசை போட ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே அவள் புருஷன் துஷாந்தின் இரண்டு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் நின்றன. வீட்டில் அவற்றுக்குப் பெரிய பொக்ஸ், சின்ன பொக்ஸ் என்று பெயர்.

"ரெண்டையும் விக்கச் சொல்லலங்க. ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள்.

துஷாந்துக்கு முப்பத்தேழு வயது. ஸ்பிரிங்வெளியைத் தாண்டி பஸ் நிற்கும் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் மெசினில் பதினைந்து வருஷமாக வேலை. கல்யாணம், திருவிழா என்றால் வீரய்யாவின் இசைக்குழுவில் கிட்டார். பெரிய பொக்ஸ் வால்வு போட்ட பழைய சாமான். பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் குழு கலைந்தபோது வாங்கியது. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் அறுபது படியில் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சின்னதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

முதலில் அவன் சின்னதைத்தான் விற்பதாக இருந்தான். இரண்டையும் துடைத்து, ஒரே பாட்டை இதில் ஒரு தரம், அதில் ஒரு தரம் வாசித்துப் பார்த்தான். அப்போதுதான் மனசு மாறியது. வாங்கிய காலத்தில் பெரிய பொக்ஸில் கம்பியைத் தொட்டால் கணீரென்று கேட்கும். கொஞ்ச காலமாக அந்தக் கணீர் இல்லை. கூரான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாலும் மங்கலாகத்தான் வந்தது. ஸ்பீக்கர் காகிதம் நைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பொக்ஸுக்கு வயசாகிவிட்டது. தூக்கவும் முடியவில்லை, சத்தமும் இல்லை, பிறகு எதற்கு? படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டான்.

அடுத்த நாளே ஆள் வந்தது. முன்ஸிப் என்று ஒரு பொடியன், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். பதுளை பஸாரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன். வால்வு பொக்ஸ் ஒன்றை மூன்று வருஷமாகத் தேடுகிறானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு, படியேறி, மூச்சு வாங்க வந்து நின்றான். விஜயலெட்சுமி பக்கத்து லயத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். தனுஜா உள்காம்பராவில் படித்துக்கொண்டிருந்தாள்.

துஷாந்த் பொக்ஸைப் போட்டுச் சூடாக விட்டான். கிட்டாரை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். இன்னும் வாசிக்கவே தொடங்கவில்லை. முன்ஸிப் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனான்.

"அண்ணே, இது கத்துதே."

"என்ன கத்துது?"

"இந்தா, இந்த விசில். காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி. உங்களுக்குக் கேக்குதில்லையா?"

துஷாந்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வித்தையெல்லாம் அவனுக்குத் தெரியும். முதலில் சாமானில் பழுது சொல்ல வேண்டியது, பிறகு விலையைக் குறைக்க வேண்டியது.

"தம்பி, வாங்க வந்தா வாங்குங்க. இல்லாத நொட்டையெல்லாம் சொல்லாதீங்க. ஒரு சத்தமும் இல்ல."

"நான் வெலையப் பத்தி ஒண்ணும் பேசலியே அண்ணே. மெய்யாத்தான் சொல்றேன். நல்லாக் கேளுங்க."

"தனுஜா! இங்க வா!" என்று துஷாந்த் கூப்பிட்டான். பிள்ளை வாசலுக்கு வந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இந்த பொக்ஸ் விசில் அடிக்குதுன்னு மாமா சொல்றாரு. அடிக்குதா?"

அவள் அப்பாவையும் வந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது எப்பவும் அடிக்கும்தானேப்பா" என்றாள்.

துஷாந்த் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. முன்ஸிப் அவன் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தான். "ஒரு வேலை செய்வோம் அண்ணே. நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நான் பின்னால ஒரு வால்வைத் தொடுறேன். தொட்டா சத்தம் நிக்கும், விட்டா வரும். வரும்போது கையைத் தூக்குங்க."

துஷாந்த் சுவரைப் பார்த்து நின்றான். நாள்காட்டியில் முருகன் படம். பின்னால் பொக்ஸின் வழக்கமான இரைச்சல், அதுதான் கேட்டது. காத்திருந்தான். கொஞ்ச நேரம் போனது. "தொடங்குங்க தம்பி" என்றான்.

அவன் திரும்பினான். முன்ஸிப் கையில் ஒரு பென்சிலோடு பொக்ஸின் பின்னால் குந்தியிருந்தான்.

"நாலு தரம் செஞ்சிட்டேன் அண்ணே" என்றான்.

துஷாந்த் மண்டிபோட்டு வலது காதை ஸ்பீக்கர் துணியில் வைத்து அழுத்தினான். எங்கேயோ தூரத்தில், மலைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பது போல், நூல் மாதிரி ஒரு கீச்சு. தலையைத் திருப்பி இடது காதை வைத்தான். ஒன்றும் இல்லை. மறுபடி வலது. நூல். மறுபடி இடது. ஒன்றுமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முன்ஸிப்தான் பொக்ஸை நிறுத்தினான். வாங்குவதைப் பற்றி அவன் பேசவில்லை. "பதுளை ஆஸ்பத்திரியில காது கிளினிக் இருக்கு அண்ணே. ஒருக்காக் காட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

விஜயலெட்சுமி வந்தபோது அவன் அதே இடத்தில் இருந்தான்.

"அந்த பொக்ஸ் விசில் அடிக்குதா?"

"ஆமா."

"எவ்வளவு காலமா?"

அவள் யோசித்தாள். "ரெண்டு வருசம் இருக்கும். ஏன்?"

"ஏன் எனக்குச் சொல்லல?"

"ஒங்க சாமான், ஒங்க காதுக்குக் கேக்காதான்னு இருந்தேன். பழைய மெசின், கத்தத்தானே செய்யும்னு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஒங்களுக்குக் கேக்கலையா?"

இரண்டு வருஷம். அந்தக் கணக்கு அவனை உடனே இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனது. வீரய்யா அவனைக் கூப்பிடுவது குறைந்ததும் அதே இரண்டு வருஷமாகத்தான். கீபோர்டு மட்டும் போதும் என்று கல்யாண வீட்டில் சொல்கிறார்கள் என்பார். அவன் போனை எடுத்து அவருக்கு அடித்தான். கை தானாகவே போனை வலது காதுக்குக் கொண்டுபோனதை அன்றுதான் கவனித்தான்.

"வீரய்யாண்ணே, உண்மையச் சொல்லுங்க. என்னைய ஏன் கூப்பிடுறதில்ல?"

வீரய்யா பெருமூச்சு விட்டார். "நீயா கேட்டதால சொல்றேன். கோவிச்சுக்காத. நீ ட்ரெபிளை வைக்கிற வைப்புல முன்வரிசையில ஒக்காந்தவன் எந்திரிச்சுப் போறான்டா. கண்ணாடித் துண்டை அள்ளி வீசுற மாதிரி இருக்கு. ஹல்துமுல்லைக் கல்யாணத்துல பொண்ணோட அப்பாவே வந்து கும்பிட்டுக் கேட்டாரு, குறைங்கன்னு."

"அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாமேண்ணே?"

"சொல்லலையா? மேடையிலேயே மூணு தரம் சொன்னேன். ஒன் பக்கத்துல வந்து, காதுக்கிட்ட குனிஞ்சு சொன்னேன். நீ என்னையப் பாத்துச் சிரிச்சிட்டு இன்னும் கூட்டுன. இவனுக்குத் திமிருன்னு நெனச்சேன்."

"எந்தக் காதுல சொன்னீங்க?"

"என்ன?"

"எந்தக் காதுலண்ணே?"

"ட்ரம்ஸ் பக்கம் நின்னுதான். நீ ட்ரம்ஸை இடது பக்கம் வச்சுத்தானே நிப்ப."

அவன் போனை இடது காதுக்கு மாற்றிப் பார்த்தான். வீரய்யா தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு யாரோ முனகுவது போல் இருந்தது.

அன்றைக்கு வந்த அதிர்ச்சிகளில் இதுதான் கடைசி என்று நினைத்தான். இல்லை. சாயங்காலம் தனுஜா ஏதோ கேட்டாள். அவனுக்குப் பிடிபடவில்லை. பழக்கத்தில் "வாய்க்குள்ள பேசாத!" என்று அதட்டினான். சொல் வெளியே வந்த பிறகுதான் அது அவனைத் திருப்பி அடித்தது. இதை அவன் தினமும் சொல்கிறான். ஒரு தரம் தலையில் குட்டிக்கூட இருக்கிறான். இந்தப் பிள்ளை போன வருஷம் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள். குரல் மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று டீச்சர் சொன்னபோது அவன் ஆச்சரியப்பட்டான். வீட்டில் மட்டும் ஏன் முணுமுணுக்கிறாள் என்று.

"இங்க வாம்மா" என்றான். "நீ அம்மாகிட்டயும் இப்படித்தான் பேசுவியா?"

"இல்ல. அம்மாகிட்ட மெதுவாப் பேசுவேன். உங்ககிட்ட மட்டும்தான் கத்திப் பேசுவேன்."

"கத்தியா பேசுற?"

"ஆமாப்பா. இப்பவும் கத்தித்தான் பேசுறேன்."

அவன் அவள் தலையில் கையை வைத்தான்.

கிளினிக்கில் காது டெஸ்டுக்கு நாள் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் மேசை வந்துவிட்டது. பெரிய பொக்ஸை அடுப்படிக்குள் தள்ளினார்கள். விஜயலெட்சுமி அதைச் சுற்றிச் சுற்றிச் சமைத்தாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அவன் கவனமாக அழுத்தினான். நிறையவே அழுத்திவிட்டதாக நினைத்தான். முடிந்ததும் டெஸ்ட் எடுத்த மிஸ் ஒரு தாளைக் காட்டினார். கோடு ஆரம்பத்தில் சமமாக வந்து, ஓர் இடத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. இடது காதின் கோடு தாளின் அடிப்பக்கத்துக்கே போய்விட்டது.

"என்ன வேலை செய்றீங்க?"

சொன்னான். கிட்டாரையும் சொன்னான்.

"மெசின் பக்கத்துல காதுக்கு ஏதாவது போடுவீங்களா?"

"இல்லைங்க மிஸ். யாரும் போடுறதில்ல."

அவர் தாளில் பேனையை வைத்தார். "இந்த இடத்துல உள்ள சத்தம் உங்களுக்கு வாறதில்ல. மெல்லிய, கூரான சத்தம் எல்லாம்."

"இது திரும்பி வருமா?"

"போனது வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம். இனிமேல் காதுக்கு அடைப்பு இல்லாம மெசின் பக்கம் போகாதீங்க. மேடையிலயும்தான்."

பஸ்ஸில் வரும்போது அவன் அந்தத் தாளை நான்கு தரம் எடுத்துப் பார்த்தான். பொக்ஸுக்கு வயசாகவில்லை. ஸ்பீக்கர் காகிதம் நையவில்லை. மங்கிப்போனது அவன்தான். அதை ஒரு பொக்ஸின் தலையில் போட்டு விற்கப் பார்த்திருக்கிறான்.

அடுத்த ஞாயிறு முன்ஸிப்பைக் கூப்பிட்டான். அவன் புது வால்வு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். "விசில் போயிருச்சு" என்று தாயும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு துஷாந்த் கிட்டாரை முன்ஸிப்பிடம் கொடுத்து, இரண்டு பொக்ஸிலும் வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டான். எவ்வளவு கூர்ந்து கேட்டும் இதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்பது வருஷம் அறுபது படி தூக்கிச் சுமந்தது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

"பெரியதை நீங்களே கொண்டுபோங்க தம்பி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கேக்குற ஆள்கிட்ட இருக்கட்டும்."

முன்ஸிப் வாயைத் திறப்பதற்குள் விஜயலெட்சுமி குறுக்கே வந்தாள். "பெரியதுதான் நல்லா இருக்கு. சின்னது தகரம் மாதிரி இருக்கு."

"எனக்குக் கேக்கலையே விஜி."

"ஒங்களுக்குக் கேக்காட்டி என்ன? கல்யாண வீட்ல ஒக்காந்து கேக்குறது நீங்களா?"

முன்ஸிப் சிரித்துவிட்டான். துஷாந்துக்கும் கடைசியில் சிரிப்பு வந்தது. முன்ஸிப்புக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் கடையில் வைத்து வாசிக்க ஆகும் என்று சின்னதை எடுத்துக்கொண்டான். போகும்முன் பெரிய பொக்ஸில் ட்ரெபிள் எங்கே நிற்க வேண்டும் என்று விஜயலெட்சுமியைக் கேட்டுக் கேட்டுத் திருகினான். தனுஜா அந்த இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். அது பாதிக்கும் கீழே இருந்தது. துஷாந்த் இத்தனை நாள் வைத்திருந்த இடத்திலிருந்து வெகு தூரம்.

வீரய்யாவிடம் விஷயத்தைச் சொன்னான். அடுத்த மாதம் பதுளையில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் கீபோர்டை வைத்து, துஷாந்தை மறு ஓரத்தில் நிறுத்தினார். காதில் அடைப்போடு நின்று வாசித்தபோது அவன் வாசிப்பது அவனுக்கே பாதிதான் கிடைத்தது. விரல் மட்டும் தன் வழியை அறிந்து போனது. இரண்டு தரம் கை ட்ரெபிள் பக்கம் போனது. இரண்டு தரமும் குமிழைத் தொடாமலே திரும்பி வந்தது.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் வேட்டி கட்டிய ஒருவர் மேடைக்கு ஏறி வந்தார். இடது பக்கமாக வந்து குனிந்து ஏதோ சொன்னார். மறுபடி குறைக்கச் சொல்கிறார்கள் என்று துஷாந்த் நினைத்தான். சிரித்துச் சமாளிக்கத்தான் வாய் போனது. அடக்கிக்கொண்டு வலது காதின் அடைப்பை எடுத்தான்.

"ஐயா, இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. எனக்கு அந்தக் காது கேக்காது."

வெளி ஆளிடம் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். அந்த மனுஷர் ஒன்றும் நினைக்கவில்லை. சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"சாப்பாடு போட்டாச்சு தம்பி. இன்னும் ரெண்டு பாட்டு வாசிச்சிட்டு வந்து ஒக்காருங்க."