யேசுரட்ணத்தின் சுத்தமான பாத்தி

தோட்டக் கமிட்டியிலிருந்து ஒரு கடதாசி வந்தால் போதும், யேசுரட்ணத்துக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் மூன்று வருடம் தூங்கியபோதும், மாதாமாதம் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போய், இன்னும் முடிவில்லை என்று சொன்னவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்த வீரன் அவன். அந்த மூன்று வருடமும் மன்னாரில் சண்டைக்கு நடுவே கஞ்சியோடு கிடந்து மெலிந்தது அவனுடைய மகன்தான். அதை நினைத்தால் மனைவி அமலராணிக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அவளும் பிள்ளையும் டென்மார்க்கில் அவனிருந்த சில்க்போர்க்குக்கு வந்து நான்கு மாதம். நாலு வயது ஜெசிந்தன் பன்னிரண்டு கிலோ, இரத்தமும் போதாது. அடுத்த முறை நிறுக்கும்போது அரைக் கிலோவாவது ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் மறித்து மூக்கால் குழாய் விடுவோம் என்று நேர்ஸ் சொல்லிவிட்டாள். ஈரல் பூசிய பாணைக் கண்டாலே பிள்ளை பல்லைக் கிட்டிக்கொள்வான். கடைசியில் அவன் வாயைத் திறந்தது மேல்மாடி உகண்டாக்காரி நக்காத்தோவின் சட்டிக்குத்தான். அரைத்த கச்சான் கடலை விட்டுக் கடைந்த கீரை. டோடோ என்றாள் அவள். பார்த்தால் நம்முடைய முளைக்கீரை! அவள் தந்த விதையை அமலராணி மாடிவீடுகளுக்குப் பின்னாலிருந்த தோட்டத்தில் கமிட்டி தந்த தங்கள் பாத்தியில் தூவினாள். கீரை முழங்கால் உயரம் வந்தது; பிள்ளையின் கன்னத்திலும் கொஞ்சம் நிறம் வந்தது.

சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் பாத்தி மொட்டை. பக்கத்தில் மண்வெட்டியோடு, அயன் மடிப்புக் கலையாமல் நிற்கிறான் கணவன்.

"எங்க கீரை?"

"கீரையோ? அது அந்தக் கறுவலின்ர களை. இண்டைக்குக் கமிட்டி பார்க்க வருகுது. டெனிஷ்காரர் எங்களை என்னெண்டு நினைப்பினம்?"

நக்காத்தோவை விட இவன் ஒரு பிடி கறுப்பு. அமலராணிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

"வியாழக்கிழமை பிள்ளையை நிறுக்கப்போகினம். நக்காத்தோவின்ர கீரை போன கிழமையே முடிஞ்சுது. அவன் வேற ஒண்டும் தின்னான். தெரியுமோ உங்களுக்கு?"

அவனுக்கு எங்கே தெரியும்? பிடுங்கியதையெல்லாம் கொட்டிய மூலைக் குப்பைமேட்டைக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்து கமிட்டிக்காரர் மூன்று பேர் கேற்றைத் திறந்தார்கள். அமலராணி கீரை பறிக்கக் கொண்டுவந்த பேசினை அவன் கையில் திணித்தாள்.

"போய்ப் பொறுக்குங்கோ."

"அவையள் பார்க்கினம், அமலா."

"பார்க்கட்டும். அவையளுக்கு முன்னால நீங்கள் நல்ல பிள்ளையாய் நிண்டு என்ர பிள்ளையை எலும்பாக்கினது போதும்."

அயன் பண்ணிய காற்சட்டையோடு அவன் உருளைக்கிழங்குத் தோலுக்குள் முழங்காலில் நின்றான். கமிட்டித் தலைவி வந்து மொட்டைப் பாத்தியைப் பார்த்தாள், மிகவும் சுத்தம் என்று டெனிஷில் மெச்சினாள். அத்தனை வருடமும் அவன் ஏங்கிக் கிடந்த வார்த்தை! நன்றி சொல்ல எழும்பப் பார்த்தான்.

"எழும்பாதேங்கோ" என்றாள் அமலராணி. "வேரோட கிடக்கிறதைப் புறம்பா வையுங்கோ. திருப்பி நடோணும்."