ஐந்து விரல் தடம்

மெர்வின் ஹாலட்டின் வலது காலணியைக் கவிழ்த்து உள்மெத்தையை இழுத்தேன். அதில் ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. மெர்வுக்கு அந்தக் காலில் நான்குதான். சர்க்கரை நோயில் பெருவிரல் போய் மூன்று வருடமாகிறது. அந்த வெற்றிடத்துக்காக நான் அளவெடுத்து வைக்கச் சொன்ன அடைப்பையும் யாரோ கத்தியால் நெம்பி எடுத்திருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் இருபத்திரண்டு வருடமாகக் கால் பார்த்துப் பிழைக்கிறவள் நான். என் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறார் என்று கோபம் வந்தது. வியட்நாம் போய் வந்தவர்களுக்கு மருத்துவக் காலணி எழுதிக் கொடுப்பது என் வேலை. செலவை முன்னாள் படைவீரர் துறை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அடுத்த ஜோடிக்கு எழுத வேண்டுமானால், முந்தையதை அவரே அணிந்து தேய்த்தார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"நல்லாத்தான் இருக்கு, லியோனி. தெனம் போடறேன். கையெழுத்தப் போடும்மா, வெளிய டெஸ் வெயில்ல வண்டியில காத்துக்கிட்டிருக்கான்."

"மொதல்ல காலக் காட்டுங்க."

காலுறையைக் கழற்றியதும் நாற்றம் அடித்தது. பெருவிரல் போன இடத்துக்குக் கீழே, பாதத்தில், ஐந்து சென்ட் காசு அளவுக்குப் புண். மேலே சுற்றியிருந்த கட்டு நனைந்து ஊறியிருந்தது. மழுங்கிய முனைக் கம்பியை மெல்ல உள்ளே விட்டேன். கல்லில் தட்டியதுபோல எலும்பு தட்டியது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆடு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். துளி வலி தெரியவில்லை அவருக்கு. சர்க்கரையில் அந்தக் கால் மரத்துப்போயிருந்தது.

"எத்தன நாளா இது?"

"ரெண்டு மாசம் இருக்கும். வருஷம் திரும்பட்டும், அடுத்த ஜோடி வந்துரும்னு பொறுத்துக்கிட்டேன்."

"இந்த ஜோடிய யாருக்குக் குடுத்தீங்க?"

அவர் குனிந்து காலுறையைத் திரும்ப மாட்டப் பார்த்தார். நான் தொலைபேசியை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் படுக்காவிட்டால் பாதமே போய்விடும் என்று அவர் காதில் விழும்படியே சொன்னேன்.

அப்போது கதவு திறந்தது. டெஸ் கீலி நின்றார். மெர்வும் அவரும் ஒரே படைப்பிரிவு. எழுபத்தொன்றில் ஊர் திரும்பியபோது ரயிலடியில் போரை எதிர்த்த எவனோ ஒருவன் முகத்தில் துப்பியதோடு, இந்த நாட்டிடம் இனி ஒரு குண்டூசி கேட்க மாட்டேன் என்று சீருடையையும் காகிதங்களையும் கொளுத்தியவர். இன்றுவரை படைவீரர் சலுகை அட்டைக்கு விண்ணப்பிக்கவில்லை. அவர் ஒரு காலில் பழைய வேலை பூட்ஸ். இன்னொரு பூட்ஸ் கையில். கழற்றிய காலின் உறை, முன்பாதத்தில் சிவப்பாக நனைந்திருந்தது.

"மெர்வ், இது என் ரத்தம் இல்லடா."

எனக்கு விளங்கிவிட்டது. இங்கே வருகிற அன்று மட்டும் இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து காலணியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் மருத்துவக் காலணி டெஸ் காலில். அந்த இறுகிய பூட்ஸ் மெர்வ் காலில்.

"கவர்ன்மென்ட் வருஷத்துக்கு ரெண்டு ஜோடி அனுப்புது, ஒண்ணு சும்மா கெடக்கு, எனக்கு உன் பூட்ஸே சௌகரியம்னியேடா. பொய்யா?"

"நீ நொண்டிக்கிட்டுத் திரிஞ்சத என்னால பாக்க முடியலடா."

"உன்ன யாரு பாக்கச் சொன்னா, முட்டாப்பயலே!" டெஸ்ஸின் குரல் உடைந்தது. பூட்ஸை விசிறினார். அது குப்பைத் தொட்டியில் மோதி விழுந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் தள்ளுபடுக்கையோடு வந்தார்கள். மெர்வ் நாற்காலியின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வரல."

"மெர்வ், வெளையாடாதீங்க. காய்ச்சல் வேற அடிக்குது உங்களுக்கு."

"மொதல்ல அவன் கால பாத்து, அவன் பேருல ஒண்ணு எழுது. அப்புறம் ஏறுறேன்."

"மெரட்டுறியா?" என்றார் டெஸ்.

"ஆமாடா."

ஆம்புலன்ஸ்காரர்களில் இளையவள் என்னைப் பார்த்தாள். இந்த இரண்டு பிடிவாதக்காரர்களையும் பளாரென்று அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. மெர்வின் உதடுகள் காய்ந்து வெளுத்துக்கொண்டே வந்தன. டெஸ் அதைப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அட்டைக்கான விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து அவர் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"படை எண் வேணும். காகிதம் எதுவும் இல்லேல்ல?"

டெஸ் முதுகை நிமிர்த்தினார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, ஐம்பது வருடத்துக்கும் மேலாக வாயால் சொல்லாத எண்ணைச் சொல்லத் தொடங்கினார்.

"ரெண்டு... ஏழு... ஒம்போது..."

அதற்கு மேல் வரவில்லை. படுக்கையில் தன்னைத் தூக்கி வைப்பதற்குக் கைகளைத் தளர்த்திக் கொடுத்தபடியே, மீதி நான்கு இலக்கங்களையும் மெர்வ் சொன்னார்.