மழையில் நனையாத மாப்பிள்ளை

வசுமதி ஒரு குடையைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு மூணு மாசம் ஆச்சு.

அவ லவ் பண்ணினது ரகுநந்தனை. ஒரு மழை நாள்ல பஸ் ஸ்டாப்ல அவன் தன் குடைக்குள்ள இடம் கொடுத்தான். "இனிமே நீ நனையவே மாட்டே"ன்னான். அவளும் நம்பிட்டா.

கல்யாணத்தன்னிக்கு முகூர்த்தத்துக்கு முன்னாடி காசி யாத்திரை. மாப்பிள்ளை விசிறி, தடி, குடையோட சந்நியாசம் வாங்கக் கிளம்பணும். பொண்ணோட அப்பா மறிச்சு, "திரும்பி வாங்கோ, என் பொண்ணைக் கட்டிக்கோங்கோ"ன்னு கேக்கணும். சும்மா சடங்குதான், யாரும் நிஜமா போறதில்லை. ரகுநந்தன் போயிட்டான். அப்பா கேட்டதுக்குத் திரும்பினது குடை மட்டும்தான். அவன் கையை உதறிட்டு, நிதானமா வந்து மணையில உக்காந்தது.

"கூப்பிட்டதும் திரும்பினவர்தான் மாப்பிள்ளை"ன்னார் சாஸ்திரிகள். குடையோட கைப்பிடியில தாலியை மாட்டி வசுமதி கழுத்துக்குக் கொண்டுபோக, நாத்தனார் முடிச்சுப் போட்டா.

அதுல வசுமதிக்குக் கோபமே இல்லை. கோபம் மழைக்காலத்துலதான் வந்தது.

முதல் மழையன்னிக்கு ஆபீஸ் கிளம்பறப்ப குடையை எடுத்தா. கோமளா ஓடி வந்தா. ரகுநந்தனோட அம்மா, இப்ப குடைக்கும் அம்மா.

"என்னடி இது, அவனைப் போய் மழையில கூட்டிண்டு போறே? ஜலதோஷம் பிடிச்சுக்காதோ?"

"அம்மா, அவர் குடை."

"அதனால? ஆம்பளைடி. உள்ளே வை."

சொட்டச் சொட்ட நனைஞ்சு திரும்பி வந்தா. குடை சோபாவுல, ஃபேனுக்கு அடியில, சொகுசா விரிஞ்சு கிடந்தது. கோமளா அதோட கம்பிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டிருந்தா.

"ஏன்னா, நீங்க எதுக்குத்தான் இருக்கேள்?"

குடை பாதி மூடிக்கிச்சு.

"வந்ததும் வராததுமா ஏண்டி அவனைப் பிடுங்கறே? பாரு, முகமே சுருங்கிடுத்து!"

வசுமதி கொதிச்சுப் போய் தன் அம்மாவுக்கு போன் பண்ணினா.

"விரிச்சா விரியறார், மடக்கினா மடங்கறார்"ன்னா அம்மா. "உங்கப்பா இன்னிவரைக்கும் ஒரு தடவை மடங்கியிருப்பாரா? கொடுத்து வெச்சவடி நீ."

மழைக்காலம் பூரா அவ துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டே ஆபீஸ் போனா. தும்மல் அவளுக்கு, மிளகு கஷாயம் குடைக்கு.

கார்த்திகைக் கடைசியில ஒரு காலையில, நல்ல மழை, ரகுநந்தன் வாசல்ல வந்து நின்னான். தாடி வெச்சிருந்தான்.

"காசிக்குப் போய் சேந்துட்டேன் வசு. அங்க என்னை யாரும் திரும்பி வான்னு கூப்பிடலை. அதான் நானே வந்துட்டேன்."

"நன்னா வந்தே! உன் இடத்துல வேற ஆள் இருக்கார். அவரும் உன்னை மாதிரியேதான், வேணுங்கறப்ப வரமாட்டார்!"

கோமளா எட்டிப் பாத்தா. "ஈரத்தோட உள்ளே வராதேடா. செருப்பு பக்கத்துல ஓரமா நில்லு, வடியட்டும்."

அவன் ஓரமா நின்னு வடிஞ்சான். வசுமதி பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு மணியைப் பாத்தா.

"இவரையாவது எடுத்துண்டு போகலாமாம்மா?"

"அவனைத் தாராளமா எடுத்துண்டு போ."

ரகுநந்தனோட மணிக்கட்டைப் பிடிச்சு, படியில நின்னு ஒரு உதறு உதறினா. படக்குனு விரிஞ்சான். பஸ் ஸ்டாப் வரைக்கும் அவ மேல ஒரு சொட்டு விழலை.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. வெறுங்கையோட வீட்டுக்குள்ள வந்தா.

"ரகு எங்கேடி?"

"அச்சச்சோ, பஸ்லயே மறந்து விட்டுட்டேம்மா."

"போறது போ, எல்லாரும் விடறதுதான்"ன்னு சொல்லிட்டு, கோமளா எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடப் போனா.