ஒழுகுவதற்கு ஒரு வாஷர்

1

இந்தக் கதை எனக்கு ஹார்டுவேர் கடையில் கிடைத்தது. நான் போனது ஆணி வாங்க. எனக்கு முன்னால் நின்ற பெண் குழாய்க்கு வாஷர் கேட்டாள்.

“புதுசு வேண்டாம்ணே. தேஞ்சது இருந்தா குடுங்க. லேசா ஒழுகணும்.”

“வீட்டுக்காரர் வர்றாரா?” என்று கேட்டபடியே கடைக்காரர் பழைய சாமான் டப்பாவைக் கிளறினார். அவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. நான் ஆணியை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘அவள் ஜன்னலோரம் நின்று, கடல் கடந்து போன கணவனை எண்ணி

(அடித்துவிட்டேன். மாடு, வயல், மாமியாரின் மாத்திரை இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்க அவளுக்கு ஏது நேரம்?)

இரண்டாவது தொடக்கம்: அவள் கணவன் வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறான். எப்போதாவதுதான் லீவு. அவன் இல்லாதபோது எது கெட்டாலும் அவளே கழற்றி, அவளே மாட்டிவிடுவாள். ஒரு லீவில் வந்தவன், செய்ய ஒன்றுமில்லாமல் கூடத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். பானையைக் காட்டி, “தண்ணி எடுத்துக்கலாமா?” என்று கேட்டான். சொந்த வீட்டில்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதிலிருந்து அவன் வருவதற்குள் எதையாவது கெடுத்து வைத்துவிடுவாள். அந்தத் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான்.*

* ஆதாரம் கேட்காதீர்கள். லீவு நேரத்தில் அங்கே எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

3

இந்த இடத்தில் எனக்கு இவள்மேல் சந்தேகம் வந்தது. நன்றாக இருக்கிற பொருளை யாராவது கெடுப்பார்களா? ஆளையே மாற்றிவிடலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன்.

“போன வாரம் நீங்க ஒரு ட்யூப்லைட்டைச் சரிபண்ணி, ரெண்டு நாள் பெருமையடிச்சீங்களே. அது எப்படிக் கெட்டுச்சுன்னு கேட்டீங்களா?”

“இல்லையே.”

“அப்ப சந்தேகப்படாம எழுதுங்க.”

மேற்கொண்டு நான் விசாரிக்கவில்லை.

4

இந்தத் தடவை அவன் ஒரேயடியாக வந்துவிட்டான். ஒழுகும் குழாயெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அவள் கிணற்று மோட்டாரின் பெட்டியைத் திறந்து ஒரு வயரைத் தளர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை அவன் உற்சாகமாகப் பெட்டிக்குள் தலையை விட்டான். ஒவ்வொரு வயராக இழுத்து இழுத்துப் பார்த்தான்.

“இந்த ஜாயின்டெல்லாம் யாரு போட்டது? நான் போட்டுட்டுப் போன வயர் ஒண்ணுகூட இல்லியே.”

“ஏன், சரியில்லையா?”

“ரொம்ப நல்லா இருக்கு. தொழில் தெரிஞ்சவன். ஒரு தடவை வந்து செஞ்ச வேலை மாதிரியும் தெரியல.” டெஸ்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “யாரு அவன்?”

5

மன்னிக்கவும், எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு முடிவு: யாரோ மெக்கானிக் வந்தான் என்று அவள் சொல்லிவிடலாம். எழுத எனக்கும் சுலபம். ஆனால் சொன்ன நொடியில், இல்லாத ஒருத்தன் அந்த வீட்டுக்குள் வந்துவிடுவான். சாகிறவரை அவனை வெளியே அனுப்ப முடியாது.

இன்னொரு முடிவு: “நான்தான்” என்று சொல்லலாம். உடனே அவன் போன லீவுக் குழாயை நினைப்பான், அதற்கு முந்திய தாழ்ப்பாளை நினைப்பான். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்கு அவன் செய்ததாக ஒன்றுமே மிஞ்சாது. பாவம், அவனும் மனுஷன்தானே.

(மூன்றாவது: அந்த நேரம் பார்த்து மாமியார் மயங்கி விழு

சீ, கேவலம்.)

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் கையை நீட்டி அவனிடமிருந்து டெஸ்டரை வாங்கிக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளுங்க,” என்றாள்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒருத்தர் உட்காரத்தான் இடம் இருக்கிறது. அவன் தள்ளினானா என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் யார் தள்ளிக்கொள்வார்களோ, அப்படியே முடித்துக்கொள்ளுங்கள்.