கடைசிப் பதிலை வாசியுங்கள்

அந்த விசாரணை அறையில் எல்லோரும் பேசலாம், மின்னல் மட்டும் பேசக் கூடாது. மின்னல் என்பது அலுவலகம் அவள் வேகத்துக்கு வைத்த பட்டப்பெயர். யார் வாயைத் திறந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு.

மது வாங்கும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கலாமா என்று அரசுக் குழு ஒன்று கருத்துக் கேட்பதுதான் அன்றைய விவகாரம். கடைக்காரர்கள் ஒரு பாட்டம், கல்லூரி முதல்வர்கள் ஒரு பாட்டம் பேசி முடித்ததில் மற்றவர்களுக்குக் காது புளித்துப்போயிருந்தது. மின்னலுக்கு எரிந்தது. அவள் மகன் பத்தொன்பது வயதில், பட்டப்பகலில், நண்பன் வீட்டு மாடியறையில் குடித்து மூச்சு நின்று போனவன். இரண்டு வருடம் ஆகிறது. யார் கூட இருந்தார்கள், எவ்வளவு நேரம் கிடந்தான் என்று இதுவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. 'பதினெட்டாம், பெரிய பதினெட்டு!' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே தட்டினாள்.

"அடுத்த சாட்சி, எண் பதினொன்று" என்றார் தலைவர்.

உள்ளே வந்தது அவள் மகள். காலையில் "காலேஜுக்குப் போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள். அம்மாவுக்கு இன்று வேறு அறையில் வேலை என்று நம்பி வந்திருக்கிறாள் போல, முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த சக ஊழியருக்கு விஷயம் புரிந்தது.

"நான் பாத்துக்கறேன்க்கா, நீங்க வெளிய போங்க."

மின்னல் நகரவில்லை.

"வயசைக் குறைக்கணும்னு சொல்ல வந்திருக்கேன்" என்று மகள் ஆரம்பித்தாள். "எங்க அண்ணன் செத்தப்போ நான் அங்கதான் இருந்தேன்."

விரல்கள் அந்த வாக்கியத்தை முழுசாகத் தட்டிவிட்டன. புத்தி பிறகுதான் வந்து சேர்ந்தது.

"நாங்க ஏழு பேர். யாருக்கும் இருபத்தொண்ணு ஆகல. அண்ணன் பேச்சு மூச்சு இல்லாம கெடந்தான். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா கூடவே போலீஸும் வரும்னு எல்லாருக்கும் பயம். முக்கால் மணி நேரம் மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்."

முக்கால் மணி நேரம். தட்டினாள்.

குழுவில் ஒரு டாக்டர் இருந்தார், சுற்றி வளைக்காமல் கேட்கிற ரகம். "நீங்களும் போலீஸுக்குப் பயந்துதான் போன் பண்ணலையாம்மா?"

ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது, மகளின் வாதத்துக்கு வலு. மகள் மைக்கைப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இல்ல சார். ஒருத்தன் போனை எடுத்தான். நான்தான் பிடுங்கினேன். எங்க அம்மாவுக்குப் பயந்து."

அறையில் சலசலப்பு. "எனக்குச் சரியா கேக்கல. கடைசிப் பதிலை வாசிக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மின்னல் எழுந்தாள். வாசிப்பதற்கென்று ஏற்ற இறக்கமில்லாத குரல் ஒன்று வைத்திருந்தாள். "நான்தான் பிடுங்கினேன். எங்க அம்மாவுக்குப்..." திரையில் மீதியிருந்த ஒரே வார்த்தையைப் பார்த்துவிட்டு, "பயந்து" என்றாள்.

'குடிச்சிட்டு வந்தா பிள்ளையே இல்லன்னு தலை முழுகிடுவேன்.' வீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள், பாவி.

"இது குடும்ப விஷயம், சட்டத்துக்குச் சம்பந்தமில்ல. நீக்கிடுங்க" என்றார் தலைவர்.

ஒரு விசையைத் தட்டினால் போதும். பிள்ளை போலீஸ் பயத்தால் செத்தான் என்றே பதிவில் இருந்துவிடும். விரல் அதன் மேலேயே நின்றது.

"நீக்க மாட்டேங்க ஐயா."

"என்னம்மா சொல்றீங்க?"

"அவ சொன்ன அம்மா நான்தான். நடந்தது அதுன்னா அது இருக்கட்டும்."

மகள் மேசையில் கவிழ்ந்து அழுதாள். ஓடிப்போய் அணைத்துக்கொள்ள மின்னலுக்குக் கால் வரவில்லை, அந்த முக்கால் மணி நேரம் வழியில் கிடந்தது. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"ரெண்டு வருஷமா ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

கேட்டு முடிப்பதற்குள் பதில் அவளுக்கே தெரிந்துவிட்டது.