எல்லா ஸ்டாப்பிங்கிலும் நின்ற பஸ்

1

இந்தக் கதை நானாக யோசித்துப் பிடித்ததல்ல. ஆரணி நூலகத்தில் ஒரு பெண் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. பதினைந்து வயதை நெருங்குகிறவள், முள்ளிப்பட்டுக்காரி, பெயர் காவ்யா. என் சிறுகதைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நேராக நான் உட்கார்ந்திருந்த மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க புக்குல ரெண்டு பிள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லாம போவுது. ரெண்டு பேரயும் சாவடிச்சிட்டீங்க. எனக்குந்தான் பிளட் கேன்சர் வந்துச்சி. இன்னும் மாத்திர சாப்ட்டுகினுதான் இருக்கறேன். என்ன எழுதுங்க."

வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பரபரப்பு அதிகம். அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: எழுதியதையெல்லாம் அவள் படித்துப் பார்ப்பாள், பேனாவோடு.

2

முதல் தொடக்கம்: 'முள்ளிப்பட்டில் தறிச் சத்தம் ஓய்ந்துபோன ஒரு மாலையில், பன்னிரண்டு வயதுக் காவ்யா தன்

(காவ்யா அடித்துவிட்டாள். தறி ஓயவே இல்லையாம். மறுநாள் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும் என்று அவள் அம்மா புஷ்பலதா நெய்துகொண்டேதான் இருந்தாராம்.)

இரண்டாவது தொடக்கம்: 'அவள் கால்களில் நீலப் பூக்கள் பூத்தன

(இதை நானே அடித்தேன். பூவாவது, ஒன்றாவது.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கால்களில் கன்றிப்போன திட்டுகள். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். இரண்டரை வருட சிகிச்சை. அப்பா பிரபாகரனுக்குச் செய்யாற்றில் கம்பெனி வேலை. ஷிப்டு இல்லாத நாளெல்லாம் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார்.

3

முதல் கட்ட மருந்து முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், தலையணை முழுக்க முடி. மகள் குணமானதும் படவேட்டு அம்மனுக்கு மொட்டை போடுவதாக அம்மா ஏற்கெனவே வேண்டிக்கொண்டிருந்தார். காவ்யாவுக்கு அதுவரை காத்திருக்க மனமில்லை.

"மருந்து புடுங்கறதுக்கு முன்னாடி நானே ஆத்தாவுக்குக் குடுத்துடறேம்மா."

கூட்டத்துக்குள் போகக் கூடாது என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. அடுத்த தடவை சிகிச்சைக்குப் போனபோது, எந்த நாளில் கோயிலுக்குப் போனால் ஆபத்தில்லை என்று டாக்டர் சசிகலாவிடம் அவளே கேட்டாள். டாக்டர் அவளுடைய ரத்த அணுக் கணக்கைப் பார்த்தார். புதன்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரம், முகக்கவசம், புது பிளேடு, ஒரு கீறல் படக் கூடாது என்றார். அப்படியே போனார்கள்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்திருந்தேன். அழவில்லையாம். தலை ஜில்லென்று ஆனதும் சிரிப்புத்தான் வந்ததாம். பன்னிரண்டு வயதில் இவ்வளவு தைரியமா என்று எனக்குச் சந்தேகம். என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. கேட்டேவிட்டேன். முதுகில் போடும் ஊசிக்கு ஒவ்வொரு முறையும் ஊரைக் கூட்டினாளாம், ஒரு தடவை நர்ஸின் கையைக் கடித்தாளாம். அதையும் எழுதச் சொன்னாள். எழுதியாயிற்று.)

4

இப்போது வரப்போவதை எழுத எனக்குக் கை துடிக்கிறது.

இரண்டாம் கட்ட மருந்து ஏறிய பத்தாம் நாள், காலை எட்டு மணிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லாத நாள்கள் அவை. காய்ச்சல் கண்டால் உடனே வந்துவிட வேண்டும், தாமதம் உயிருக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள். அப்பா ஷிப்டில் இருந்தார். செல்போன் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைக்கப்பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் டூவீலரில் ஏற்றி ஆரணி பஸ் ஸ்டாண்டில் விட்டார். வேலூர் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

நான் எழுதியது: 'விஷயம் தெரிந்ததும் டிரைவர் ஹெட்லைட்டைப் போட்டார். பஸ் எந்த ஊரிலும் நிற்காமல் பறந்தது. பயணிகள் எழுந்து நின்று

காவ்யா பேனாவை எடுத்தாள்.

"எல்லா ஸ்டாப்பிங்லயும் நின்னுச்சிக்கா. கண்ணமங்கலத்துல டிரைவர் எறங்கி டீ குடிச்சாரு. அவருக்கு எப்படித் தெரியும்? நாங்க யார்கிட்டயும் சொல்லல. அம்மாவுக்கு வாயே வரல."

டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கதையே நடந்தது. அம்மா அழுதார். ஆத்தாவுக்கு முடியைக் கொடுத்தும் இப்படி ஆகிவிட்டதே, நம்மைக் கைவிட்டுவிட்டாளே என்றார். காவ்யா நடுங்கிக்கொண்டே ஒன்று சொன்னாள். நான் அதற்கு ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதியிருந்தேன். முழுவதையும் கிழித்துவிட்டு, புஷ்பலதாவிடம் கேட்டு எழுதிக்கொண்டது இவ்வளவுதான்:

"நான் சரியாவணும்னு கேக்கலம்மா. பயம் இல்லாம இருக்கணும்னுதான் கேட்டேன். இப்ப இல்ல."

பிறகு எழுந்துபோய் டீக்கடை வாசலில் நின்றிருந்த டிரைவரிடம், அண்ணா, எனக்குக் கேன்சர், காய்ச்சல் அடிக்குது, சீக்கிரம் போங்க என்று சொன்னாள். அவர் பாதி டீயைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகும் பஸ் நின்றது; இறங்குகிறவர்கள் இருந்தார்களே. ஆனால் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் கண்டக்டர் ஜல்தி ஜல்தி என்று கத்தி ஆட்களை இறக்கினாராம். இதை அவள் அடிக்கவில்லை. ஓரத்தில் ஒரு டிக் போட்டாள்.

இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.

5

இன்றோடு இரண்டரை வருடம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போயிருந்தேன். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சசிகலா சொன்னபோது பிரபாகரன் மறுபடி சொல்லுங்க என்று மூன்று தடவை கேட்டார்.

முடிவு அ: 'பத்து வருடங்கள் கழித்து, அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் காவ்யா

முடிவு ஆ: 'ஆனால் நோய்

இரண்டையும் விட்டுவிட்டேன். உண்மை என்னவென்றால், இனி மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. முதலாவது அடுத்த மாதம் பதினாலாம் தேதி. அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறதா என்று பஸ்ஸில் கேட்டேன். இருக்குதுக்கா, அதுக்கும் தனியா வேண்டிகினு இருக்கறேன் என்றாள்.

ஆரணியில் இறங்கினோம். இரண்டரை வருடமாக வெளிச் சாப்பாடு கிடையாது. சூடாக இருந்தால் சாப்பிடலாம் என்று டாக்டர் இன்றைக்குத்தான் அனுமதி தந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மிளகாய் பஜ்ஜி போடும் வண்டி. காவ்யா முதல் பஜ்ஜியை ஊதாமல் கடித்தாள். கண்ணில் நீர், மூக்கில் நீர், நாக்கு வெந்துவிட்டது. அம்மா முதுகைத் தட்டினார், அப்பா தண்ணீருக்கு ஓடினார். அவள் இன்னொன்று வேண்டும் என்று விரலைக் காட்டினாள்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுதுங்கள். அடுத்த ஈடு பஜ்ஜி இப்போதுதான் எண்ணெயில் விழுந்திருக்கிறது, தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.